ஆளுக்கேற்ற ஊர்தி: ஒரு கொள்கைப் பிரகடனம்

சென்னை நகருக்குள் காரின் காலம் முடிந்துவிட்டது. அதை அறிவிக்க அரசாணை வரவில்லை; ஆய்வுக் குழு கூடவில்லை. காலை ஒன்பது மணிக்குக் கத்திப்பாராவிலும் மத்திய கைலாஷிலும் போரூர்ச் சந்திப்பிலும் அசையாமல் நிற்கும் வரிசைகள் அதை நாள்தோறும் அறிவிக்கின்றன. ஐந்து பேருக்காகச் செய்த வண்டியில் ஒருவர் அமர்ந்திருக்கிறார். விரைவுக்காக வாங்கப்பட்ட ஊர்தி காத்திருப்பைத் தருகிறது. விடுதலைக்காக வாங்கப்பட்ட ஊர்தி முடக்கத்தைத் தருகிறது. பழைய ஒழுங்கு தன் தோல்வியைத் தானே எழுதி முடித்துவிட்டது. அடுத்த ஒழுங்கை எழுதும் பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம்.

நாங்கள் காரிலிருந்து ஸ்கூட்டருக்கு வந்தவர்கள். எங்களில் காரை விற்றுவிட்டவர்கள் உண்டு. ஊருக்குப் போகவும், முதியோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் மட்டும் காரை வைத்துக்கொண்டு, அன்றாட அலுவலகப் பயணத்தை ஸ்கூட்டருக்கு மாற்றியவர்கள் உண்டு. வாங்கும் வசதி வந்த பின்னும் வாங்காமல் நின்றவர்களும் உண்டு. வங்கி ஊழியர்கள், ஆசிரியர்கள், மென்பொருள் பொறியாளர்கள், செவிலியர்கள், கணக்காளர்கள் எங்கள் அணியில் இருக்கிறார்கள். வசதிக் குறைவு எங்களை ஸ்கூட்டரில் ஏற்றவில்லை. சிந்தனைத் தெளிவு ஏற்றியது.

இந்த ஊர்தியை நாங்கள் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை. இந்தியாவில் பதிவான வாகனங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று இரு சக்கர வண்டிகளே. கோயம்பேட்டுக்கு விடியலில் பூ வாங்கப் போகிறவர், மின் பழுது பார்க்கக் கருவிப் பையுடன் தெருத்தெருவாகச் செல்கிறவர், மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வேலைக்கு விரைகிற தாய் எல்லோரும் எங்களுக்கு முன்பே இங்கே இருந்தார்கள். நகரத்தை ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். காலம் தாழ்த்தி வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். அவர்களுடைய நடைமுறை அறிவைக் கொள்கையாக உயர்த்துவதே எங்கள் பணி.

எங்கள் கொள்கையின் அடித்தளம் ஒன்றே: ஊர்தியின் அளவு ஆளின் தேவைக்குப் பொருந்த வேண்டும். ஒருவர் செல்ல ஒருவருக்கான இடம். இருவர் செல்ல இருவருக்கான இடம். இந்த எளிய நீதியை மறந்ததால்தான் நகரம் இன்று மூச்சுத் திணறுகிறது.

சாலை பொதுச் சொத்து. மயிலாப்பூர் மாட வீதிகளும், தங்கசாலைத் தெருவும், திருவல்லிக்கேணியின் சந்துகளும் கார் பிறப்பதற்கு முன்பே பிறந்தவை. நடப்போரையும் மாட்டு வண்டியையும் கருதி அமைந்த தெருக்கள் அவை. அவற்றின் அகலத்தை இனிமேல் எவராலும் பெருக்க முடியாது. சிறிய கார்கூட ஏறத்தாழ 4 மீட்டர் நீளமும் 1.7 மீட்டர் அகலமும் கொண்டது. ஸ்கூட்டரின் நீளம் 1.8 மீட்டர், அகலம் 0.7 மீட்டர். முன்னது ஏழு சதுர மீட்டரை நெருங்குகிறது. பின்னது ஒன்றேகால் சதுர மீட்டரில் அடங்குகிறது. தனியாளாகக் காரில் செல்பவர் ஐந்து பேருக்குரிய நிலத்தை எடுத்துக்கொள்கிறார். அதற்கு அவர் எவரிடமும் அனுமதி கேட்டதில்லை. எவருக்கும் வாடகை கொடுத்ததில்லை.

ஓடும்போது எடுக்கும் இடத்தைவிட, நிற்கும்போது எடுக்கும் இடமே பெரிய அநீதி. நகரத்துக் கார் நாளின் பெரும்பகுதி நிற்கவே செய்கிறது: பகல் முழுதும் அலுவலகத்தின் அருகே, இரவு முழுதும் வீட்டின் முன்னே. அதற்காகவே அடுக்குமாடிக் கட்டடங்களின் தரைத்தளம் தூண்களாக மட்டும் நிற்கிறது. அதற்காகவே குழந்தைகள் விளையாடிய தெருவோரம் பறிபோனது. திண்ணை இருந்த இடத்தில் வாகனச் சாய்தளம் வந்தது. நடைபாதை இருந்த இடத்தில் பின்சக்கரம் ஏறி நிற்கிறது. தனியார் ஊர்தி உறங்குவதற்குப் பொதுத் தெருவைப் பாயாக விரித்துக் கொடுக்கும் வழக்கத்தை நாங்கள் ஏற்க மறுக்கிறோம்.

எடையிலும் இதே கணக்குதான். எழுபது கிலோ மனிதரை நகர்த்த ஆயிரம் கிலோ இரும்பைக் கூடவே இழுத்துச் செல்வது, ஒரு குடம் தண்ணீருக்கு ஒரு லாரியை அனுப்புவதற்கு ஒப்பானது. ஸ்கூட்டரின் எடை 110 கிலோவை ஒட்டியே நிற்கிறது. நெரிசலில் ஒரு பெட்ரோல் கார் லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் தந்தால் அதுவே நல்ல கணக்கு. ஸ்கூட்டர் நாற்பத்தைந்து தருகிறது. போகவர நாற்பது கிலோமீட்டர் பயணம் செய்பவருக்குக் காரில் மூன்று லிட்டருக்கு மேல் செலவாகும். ஸ்கூட்டரில் ஒரு லிட்டருக்குள் முடியும். சென்னையில் பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயை ஒட்டியே நிற்கும் இக்காலத்தில், இந்த வேறுபாடு ஒரு குடும்பத்தின் மாதச் செலவையே மாற்றி எழுதுகிறது. ஆயினும் சிக்கனம் எங்கள் பயன். சிக்கனம் எங்கள் கொள்கை ஆகாது. பெட்ரோல் நாளையே இலவசமானாலும் சாலையின் அகலம் கூடப்போவதில்லை.

மின்சாரக் கார் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையையும் இதே காரணத்தால் மறுக்கிறோம். மின்சாரம் புகையை ஒழிக்கும், இடத்தை மிச்சப்படுத்தாது. சத்தமின்றி நெரிசலில் நிற்கும் காரும் நெரிசலில் நிற்கும் காரே. மின் ஸ்கூட்டரை நாங்கள் வரவேற்கிறோம். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள் 2013இல் தொடங்கிய ஏத்தர் நிறுவனத்தின் ஸ்கூட்டர்கள் ஓசூரில் உருவாகின்றன, டி.வி.எஸ். நிறுவனத்தின் ஐக்யூபும் அதே ஓசூரின் பிள்ளைதான். தமிழ் மண்ணின் தொழில் திறன் எங்கள் கொள்கையின் பக்கம் ஏற்கெனவே வந்து நிற்கிறது.

எங்கள் ஊர்திக்கு ஒரு வரலாறு உண்டு. அதை நாங்கள் பெருமையோடு நினைவுகூர்கிறோம். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் இத்தாலியின் பொந்தெதேரா ஊரில் இருந்த பியாஜியோ விமானத் தொழிற்சாலை நொறுங்கியது. வறுமையில் கிடந்த நாட்டுக்கு விமானம் தேவைப்படவில்லை. வேலைக்குப் போக ஒரு வண்டி தேவைப்பட்டது. என்ரிக்கோ பியாஜியோ அந்தப் பொறுப்பை கோர்ராதினோ தாஸ்கானியோ என்ற விமானப் பொறியாளரிடம் ஒப்படைத்தார். தாஸ்கானியோவுக்கு மோட்டார் சைக்கிள் பிடிக்காது. அது உடையை அழுக்காக்கியது. அதில் காலைத் தூக்கிப்போட்டு ஏற வேண்டியிருந்தது. டயர் மாற்றுவது பெரும்பாடாக இருந்தது. அவர் எஞ்சினை உடலுக்குள் மறைத்தார். நடுவில் கால் வைக்கத் தட்டையான தளம் அமைத்தார். விமானத்தின் தரையிறங்கு சக்கரத்தைப் போல முன்சக்கரத்தை ஒரு பக்கத் தண்டில் மட்டும் பொருத்தினார். 1946இல் வெஸ்பா பிறந்தது. வலிமையைக் காட்ட விரும்பியவர் செய்த வண்டி அன்று அது; மனிதர் வேலைக்குப் போகும் அழகை மதித்தவர் செய்த வண்டி. அழிவின் தொழிற்சாலையிலிருந்து அன்றாடத்தின் ஊர்தி பிறந்தது என்பதை எங்கள் இயக்கம் தற்செயலாகக் கருதவில்லை.

இந்தியாவுக்கு அது பஜாஜ் வழியாக வந்தது. உரிமம் பெற்று வெஸ்பாவைச் செய்த அந்நிறுவனம், 1972இல் சேத்தக்கைக் கொண்டுவந்தது. உரிம ஆட்சிக் காலத்தில் ஒரு சேத்தக்கைப் பதிவு செய்துவிட்டுக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன. தமிழ்நாட்டில் 1980இல் ஓசூரிலிருந்து வந்தது டி.வி.எஸ். 50. இருவர் அமரும் அந்த மொபெட் ஸ்கூட்டர் ஆகாது. ஆனாலும் எங்கள் முன்னோடி அதுவே. பால் கேனும் காய்கறிச் சாக்கும் துணி மூட்டையும் ஏற்றி அது சுமந்த சுமை, எந்த ஆடம்பரக் காரும் வாழ்நாளில் சுமக்காத சுமை. சிறு வணிகத்தின் முதுகெலும்பாக அது இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சேத்தக்கில் கியரும் கிளட்சும் இடது கைப்பிடியில் இருந்தன. உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். எண்பதுகளில் வந்த கைனடிக் ஹோண்டா கியரையும் உதையையும் ஒருசேர ஒழித்தது. தொண்ணூறுகளில் ஸ்கூட்டி வந்தது; அதன்பின் ஆக்டிவா வந்தது. வார்ப்பட்டையும் விரிந்து சுருங்கும் இரு கப்பிகளும் வேகத்துக்கேற்பத் தாமே கியரை மாற்றிக்கொள்ளும் அந்த அமைப்பு, ஒரு தலைமுறையின் வாழ்வையே மாற்றியது. நாங்கள் குறிப்பிடுவது பெண்களை.

கியரில்லா ஸ்கூட்டர் தமிழகப் பெண்களுக்குத் தந்ததை எந்தக் காரும் தரவில்லை. கார் வீட்டுக்கு வந்தபோது சாவி பெரும்பாலும் ஆணின் சட்டைப் பையில் இருந்தது. ஸ்கூட்டர் வந்தபோது சாவி பெண்ணின் கைப்பையில் இருந்தது. அண்ணன் வந்து அழைத்துப் போகும்வரை நிற்க வேண்டிய தேவை ஒழிந்தது; அப்பாவுக்கு நேரமிருந்தால்தான் கணினி வகுப்பு என்ற நிலை ஒழிந்தது. தாம்பரத்துச் செவிலியர் இரவுப் பணிக்குத் தானே போனார். திருச்சியில் ஒரு கல்லூரி மாணவி தோழியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தேர்வுக்குப் போனார். மதுரையில் ஓர் அங்கன்வாடிப் பணியாளர் மூன்று மையங்களை ஒரே காலையில் பார்த்து முடித்தார். சேலை கட்டியவரும் சுடிதார் அணிந்தவரும் ஒரே தளத்தில் கால் வைத்தார்கள். பின்சக்கரத்தில் துணி சிக்காமலிருக்கக் காப்பு வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளே வகுத்திருப்பதும், இந்நாட்டின் இரு சக்கரங்களில் பெண்கள் எப்போதும் இருந்தார்கள் என்பதற்கான சான்று. ஆனால் பின்னிருக்கையிலிருந்து முன்னிருக்கைக்கு அவர்கள் நகர்ந்ததுதான் புரட்சி. 2018 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா இரு சக்கர வாகனத் திட்டம், பணிபுரியும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதியை, 25,000 ரூபாய் வரம்புக்குள், மானியமாகத் தந்தது. அரசியலில் எங்களுக்குள் ஆயிரம் வேறுபாடு இருக்கலாம். அந்தத் திட்டத்தின் நோக்கத்தை ஒருமித்துப் போற்றுகிறோம். பெண்ணின் நேரத்தைப் பெண்ணின் கையில் கொடுத்த ஊர்தியை விட்டு மேலே ஏற வேண்டும் என்று சொல்பவர்கள், எதை விட்டு எதற்கு ஏறச் சொல்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்த ஏணியைத்தான் நாங்கள் முதலில் உடைக்கிறோம்.

சைக்கிளிலிருந்து ஸ்கூட்டர், ஸ்கூட்டரிலிருந்து கார், சிறிய காரிலிருந்து பெரிய கார். இந்தப் படிவரிசையை நடுத்தரக் குடும்பங்கள் தங்கள் வாழ்க்கை வரலாறாகவே ஏற்றுக்கொண்டன. சம்பளம் உயர்ந்ததன் அடையாளம் கார். பதவி உயர்ந்ததன் சான்று கார். ஏழு ஆண்டுத் தவணையில் வாங்கிய காரில் அமர்ந்து, அந்தத் தவணையைக் கட்ட உதவும் வேலைக்கு அதே காரில் காத்திருந்து போகிறார்கள். திருமண மண்டப வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றும்போது, "இன்னுமா வண்டியில வர்றீங்க?" என்று கேட்கும் சொந்தக்காரர் இல்லாத குடும்பம் தமிழ்நாட்டில் இல்லை. அந்தக் கேள்விக்கு எங்கள் பதில் தயாராக இருக்கிறது: ஆம், வண்டியில்தான் வருகிறோம், தெரிந்தே வருகிறோம், நாளையும் வருவோம்.

மதிப்பை இரும்பின் எடையில் அளக்கும் பண்பாட்டை மறுக்கிறோம். மனிதரின் தகுதியை அவர் எடுத்துக்கொள்ளும் இடத்தால் அளக்கும் வழக்கத்தை மறுக்கிறோம். எடுத்துக்கொண்டதைவிட விட்டுக்கொடுத்ததைக் கௌரவமாகக் கருதும் புதிய அளவுகோலை முன்வைக்கிறோம்.

இங்கே திருமணச் சந்தையைப் பற்றிப் பேசாமல் போவது கோழைத்தனம். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது. ஆனாலும் மாப்பிள்ளை வீட்டு வாசலில் பெண் வீட்டுக் கார் நாடா கட்டி நிற்கும் காட்சி ஓயவில்லை. மகளின் பெயரில் சேர்த்த நகை, நிலம், சேமிப்பு ஆகியவற்றோடு ஒரு தந்தையின் ஓய்வூதியப் பணமும் அந்தக் காரின் முன்பணமாகக் கரைகிறது. எங்கள் இயக்கத்தில் சேரும் இளைஞர் காரைச் சீராகக் கேட்கமாட்டார்; கொடுத்தாலும் ஏற்கமாட்டார். எங்கள் இயக்கத்தில் சேரும் பெற்றோர் காரைக் காட்டி மகனின் விலையை உயர்த்தமாட்டார்கள். எங்கள் பிற கொள்கைகளில் விவாதத்துக்கு இடமுண்டு, இதில் இல்லை.

இந்த ஏணியின் தடம் கட்டடங்களிலும் பதிந்திருக்கிறது. பெரும்பாலான அலுவலக வளாகங்களில் காருக்குக் கூரையின் நிழல். ஸ்கூட்டருக்குச் சுற்றுச்சுவரோர வெயில். வணிக வளாகத்தில் காருக்கு முன்வாசல், ஸ்கூட்டருக்குப் பின்வாசல். பகல் முழுதும் வெயிலில் காய்ந்த இருக்கையில் மாலை அமரும் ஊழியர்தான் அந்த நிறுவனத்தின் பெரும்பான்மை. குறைந்த இடத்தை எடுப்பவருக்குச் சிறந்த இடம் என்ற நெறியை நாங்கள் வலியுறுத்துகிறோம்.

மேம்பாலங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறோம். 1973இல் ஜெமினி மேம்பாலம் வந்தது. 2008இல் கத்திப்பாரா வந்தது. இடையிலும் பின்னரும் பல வந்தன. ஒவ்வொன்றும் நெரிசலை ஒரு சிக்னலிலிருந்து தூக்கி அடுத்த சிக்னலில் இறக்கி வைத்தது. சாலை அகலமானால் கார் கூடும். கார் கூடினால் சாலை போதாது. அந்த ஓட்டத்தில் இனியும் நாங்கள் பங்கேற்கவில்லை.

காரின் கண்ணாடி நகரத்தை மனிதரிடமிருந்து பிரித்தது. ஸ்கூட்டர் அவரைத் திரும்பச் சேர்க்கிறது. குளிரூட்டிய அறைக்குள் இருந்து பார்ப்பவருக்கு நகரம் ஒரு தடை. திறந்த வெளியில் செல்பவருக்கு நகரம் ஒரு வாழ்விடம். தெருமுனைப் பஞ்சர் கடைக்காரரை அவர் அறிவார். எந்தத் தெருவில் புங்க மர நிழல் நீள்கிறது, எந்தத் திருப்பத்தில் பள்ளிப் பிள்ளைகள் சாலையைக் கடக்கிறார்கள், எந்த மூடி தார்ப்பரப்புக்கு மேலே துருத்தி நிற்கிறது என்பதை அவர் உடல் அறியும். நகரத்தின் குறைகளை உணர்பவரே அவற்றைத் திருத்தக் கோருவார். பள்ளத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்க்கும் அதிகாரியைவிட, பள்ளத்தில் இறங்கி ஏறும் அதிகாரியை இந்நகரம் வேண்டி நிற்கிறது.

மே மாத வெயிலும் மார்கழிக்கு முந்தைய மழையும் எங்களுக்குத் தெரியும். வெயிலுக்கு அலுவலக நேரத்தை முன்தள்ளலாம். மழைக்கு மேலும் கீழும் தனித்தனியாக உள்ள மழைக்கோட்டை டிக்கியில் ஆண்டு முழுதும் வைத்திருக்கலாம். துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும் நாளில் எவரும் வண்டியை இறக்க வேண்டாம். அன்றைக்கு மெட்ரோ இருக்கிறது, மின் ரயில் இருக்கிறது, பேருந்து இருக்கிறது. ஆண்டில் சில நாள் கொட்டும் மழைக்காக, எஞ்சிய நாளெல்லாம் ஆயிரம் கிலோவை இழுத்துச் செல்வது அறிவுடைமை ஆகாது.

உயிர் அச்சத்தை நாங்கள் இலேசாகக் கருதவில்லை. காரை விட மறுப்பவர்களின் மனத்தில் இருக்கும் ஒரே நேர்மையான காரணம் அதுதான். எனவே நேர்மையாகவே பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இரு சக்கர வண்டிகளில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் ஐம்பதாயிரம் பேர். இந்த எண்களை மறைத்துவிட்டு எழுதும் பிரகடனம் வஞ்சகம். இந்த எண்களைப் பார்த்து ஸ்கூட்டரைக் குற்றவாளியாக்குவதும் அநீதி. இரு சக்கரத்தில் செல்பவரைக் கொல்வது சமநிலையின்மை: ஒரு பக்கம் மெலிந்த உடல், மறுபக்கம் பருத்த இரும்பு. சாலையில் பருத்த இரும்பு குறையக் குறைய, மெலிந்த உடலுக்கு வாழ்வு கூடும். காரிலிருந்து இறங்கும் ஒவ்வொருவரும் தம் சாலையிலிருந்து ஓர் ஆபத்தை அகற்றுகிறார்.

அதே வேளையில் எங்களிடமிருந்து நாங்கள் கோரும் ஒழுக்கம் கடுமையானது. தரமான தலைக்கவசம் மரண வாய்ப்பைச் சுமார் நாற்பது விழுக்காடும், தலைக்காயத்தைச் சுமார் எழுபது விழுக்காடும் குறைக்கிறது. ஆகவே ஐ.எஸ். 4151 முத்திரையுள்ள தலைக்கவசம், தாடைக்குக் கீழே பட்டை பூட்டிய நிலையில், எங்கள் உறுப்புரிமையின் அடையாளம். முழங்கையில் தொங்கும் ஹெல்மெட் அடையாளம் ஆகாது. பின்னிருக்கையில் அமர்பவரின் தலைக்கும் அதே மதிப்பு உண்டு. நான்கு வயதைத் தாண்டிய குழந்தைக்கும் சட்டம் அதையே சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் நாங்கள் சொல்வோம். மூன்றாவது ஆளை ஏற்றமாட்டோம். கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கமாட்டோம். அடுத்த திருப்பம் தொலைவில் இருக்கிறது என்பதற்காக எதிர்த் திசையில் வரமாட்டோம். குடியிருப்புத் தெருக்களில் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டமாட்டோம். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி. வரையிலான புதிய ஸ்கூட்டர்களில் இரு சக்கர பிரேக்கும் இணைந்து இயங்குவது கட்டாயமானது. அந்தப் பாதுகாப்பு வேகத்துக்கான அனுமதி ஆகாது.

நடைபாதையைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இங்கே குற்றவாளிகள் இரு சக்கரக்காரர்களே. சிக்னலில் காத்திருக்கப் பொறுமையின்றி நடைபாதையில் ஏறும் ஸ்கூட்டர், காரின் அகந்தையைத் தன் சிறிய உடலில் சுமக்கிறது. தன்னைவிட வலியவர் தன் இடத்தைப் பறித்தார் என்று முறையிடும் உரிமை, தன்னைவிட எளியவரின் இடத்தைப் பறிக்காதவருக்கே உண்டு. தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019இல் நடப்போருக்கென அகன்ற வளாகம் திறக்கப்பட்டபோது, இந்நகரத்தால் முடியும் என்பது தெரிந்தது. நடப்பவர் முதல்வர், மிதிவண்டிக்காரர் அடுத்தவர், பேருந்துப் பயணி அவர்களுக்கு இணையானவர். அவர்களுக்குப் பின்னால் நிற்பதில் எங்களுக்குக் குறைவில்லை.

பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் நாங்கள் எதிரிகள் ஆகமாட்டோம். நீண்ட தொலைவுக்கு அவையே சிறந்தவை. அவற்றின் வாசல் வரை கொண்டுசேர்ப்பதே ஸ்கூட்டரின் கடமை. 2015இல் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே ஓடத் தொடங்கிய மெட்ரோ, 118.9 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் கட்டத்தால் மாதவரத்தையும் பூந்தமல்லியையும் சிறுசேரியையும் இணைக்கவிருக்கிறது. அந்த நிலையங்களின் வாசலில் காருக்கு ஒதுக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஐந்து ஸ்கூட்டர்கள் நிற்கும் என்ற கணக்கைத் திட்டமிடுவோர் ஏற்க வேண்டும் என்று கோருகிறோம். பேருந்தை ஒழித்துவிட்டு எல்லோரையும் ஸ்கூட்டரில் ஏற்றும் நகரத்தை நாங்கள் விரும்பவில்லை. காரில் தனியே செல்பவர் இறங்கி வரும் நகரத்தையே விரும்புகிறோம்.

அரசிடம் நாங்கள் கேட்பவை பெரியவை அல்ல. தைப்பே நகரில் சிக்னல் கோட்டுக்கு முன்னால் இரு சக்கர வண்டிகளுக்கெனக் கட்டம் வரைந்திருக்கிறார்கள். பெரிய வண்டிகளுக்கு இடையில் சிக்காமல் அவை முதலில் கிளம்புகின்றன. மலேசியாவின் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்குத் தனிப்பாதை 1970களிலேயே அமைந்தது. ராஜீவ் காந்தி சாலையிலும் ஜி.எஸ்.டி. சாலையிலும் இவை இரண்டும் சாத்தியமே. தோண்டிய சாலையை அன்றன்றே சமன்செய்வதும், பாதாள மூடியைத் தார்மட்டத்துக்கு இறக்குவதும், மழைநீர் வடிகால் வேலை நடக்குமிடத்தில் இரவில் விளக்கு வைப்பதும் சிறு செலவுகள். நான்கு சக்கரம் குலுங்கிக் கடக்கும் பள்ளத்தில் இரு சக்கரம் விழுந்து உயிர்விடுகிறது. எனவே சாலையின் தரத்தை இரு சக்கரத்தில் செல்பவரின் உயிரைக் கொண்டு அளக்க வேண்டும்.

உணவும் பொட்டலமும் சுமந்து நாள் முழுதும் ஓடும் இளைஞர்களை எங்கள் தோழர்களாக அறிவிக்கிறோம். பத்து நிமிடத்தில் பொருள் வந்தாக வேண்டும் என்ற அவசரம் வாங்குபவரின் பழக்கம். அதன் விலை ஓட்டுபவரின் எலும்பு. எங்கள் இயக்கத்தார் எவரும் தாமதத்துக்காக அவர்களைக் கடிந்துகொள்ளமாட்டார்கள். குறைந்த மதிப்பெண் இடமாட்டார்கள். மழை நாளில் அவர்களை அலைக்கழிக்கமாட்டார்கள். ஒரே சாலையில் ஒரே அளவு ஊர்தியில் செல்பவர்களுக்கிடையே மேலோர், கீழோர் இல்லை.

காரே இல்லாத உலகத்தை நாங்கள் கனவு காணவில்லை. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும், நோயுற்றவருக்கும், மூன்று தலைமுறை சேர்ந்து செல்லும் குடும்பத்துக்கும், தென்காசி வரை நீளும் பயணத்துக்கும் கார் உரியது. உரிய இடத்தில் உரிய ஊர்தி என்பதே அளவின் நீதி. வேளச்சேரியிலிருந்து தரமணிக்கும், அண்ணா நகரிலிருந்து நுங்கம்பாக்கத்துக்கும் தனியாளாகப் போகும் காலைப் பயணத்துக்குக் கார் உரியதன்று. இந்தத் தீர்ப்பில் எங்களுக்குத் தயக்கம் இல்லை.

வரலாறு எங்கள் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது. காரை நாளுக்கு ஒரு மணி நேரமாவது அசையாமல் வைக்கும் நகரம், தன் குடிமக்களைத் தானே இறக்கிவிடுகிறது. அவர்கள் சலிப்போடு இறங்கப் போகிறார்களா, தெளிவோடு இறங்கப் போகிறார்களா என்பது மட்டுமே இனி முடிவாக வேண்டியது. தெளிவோடு இறங்குபவர்களுக்காக இந்தப் பிரகடனத்தை எழுதினோம்.

வாசகரே, உங்கள் அலுவலகம் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருந்தால், அங்கே நீங்கள் தனியாகவே காரில் போய்வருகிறீர்கள் என்றால், வரும் திங்கட்கிழமை முதல் ஸ்கூட்டரில் செல்லுங்கள். பழகாதவர் என்றால் அதற்கு முந்தைய ஞாயிறு காலை, போக்குவரத்து எழுவதற்கு முன், அதே பாதையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். தலைக்கவசம் இரண்டு வாங்குங்கள்: ஒன்று உங்களுக்கு, மற்றொன்று பின்னால் அமர்பவருக்கு. எங்களோடு சேர வேறு எந்தத் தகுதியும் வேண்டியதில்லை.